ஊசுட்டேரிக்கும் லாஸ்பேட்டைக்கும் நடுவில் உள்ள வானம்

புதுச்சேரி வில்லியனூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "லாஸ்பேட்டை விமான நிலையத்தை விரிவுபடுத்தினால் ஊசுட்டேரிப் பறவைகளுக்கும் மற்ற பாதுகாக்கப்பட்ட உயிரினங்களுக்கும் என்ன ஆகும் என்பதை எப்படி மதிப்பிடுவார்கள்? நாளைக்கே ஓர் அறிக்கை வந்தால், அது ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று எங்களைப் போன்றவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது?"

அறிக்கை கைக்கு வந்ததும் நேரே பறவைப் பட்டியலுக்குப் போய்விடாதீர்கள். எந்த மாதத்தில் எண்ணினார்கள் என்று முதலில் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

விமான நிலையம் கட்டுவதும் விரிவுபடுத்துவதும் மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் வருகின்றன. எதையெல்லாம் ஆய்வு செய்ய வேண்டும் என்று வரையறுப்பது, கள ஆய்வு, வரைவு அறிக்கை, மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம், கடைசியில் நிபுணர் குழுவின் பரிசீலனை என்று ஒவ்வொரு படியாகப் போகும். கள ஆய்வுக்கு வழக்கமாகக் கேட்கப்படுவது ஒரு பருவத்துத் தரவு. அதுவும் மழைக்காலம் அல்லாத ஒரு பருவம். காற்றில் இருக்கும் தூசியை அளக்க இது சரி, மழை பெய்தால் தூசி படிந்து அளவு குறைந்துவிடும். ஆனால் அதே நாட்காட்டியை எடுத்துப் பறவைக்கும் வைத்துவிடுகிறார்கள். நம் கரையில் மழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். வருடத்து மழையில் பாதிக்கு மேல் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி முடித்துவிடும். ஏரி நிறைவது அப்போதுதான், வடக்கேயிருந்து வாத்துகள் வந்து இறங்குவதும் அப்போதுதான். மழைக்காலம் வேண்டாம் என்று மார்ச்சிலிருந்து மே வரை ஆய்வை வைத்தால், கல்யாணம் முடிந்து எல்லாரும் ஊருக்குப் போன பிறகு பந்திக்கு வந்து தலை எண்ணுவது மாதிரிதான்.

இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வேறொரு திட்டத்துக்காக, ஓர் ஆலோசனை நிறுவனம் என்னை ஒரு நீர்நிலைக்கு அனுப்பியது. மூன்று நாள் வேலை, சித்திரை மாதம். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நடுவில் ஒரு குட்டை, அதைச் சுற்றிச் சில கொக்குகள், இரண்டு மூன்று நத்தைகுத்தி நாரைகள். உள்ளதை உள்ளபடி எண்ணிக் கொடுத்தேன். அறிக்கையில் "குறிப்பிடத்தக்க பறவைக் கூட்டங்கள் எதுவும் காணப்படவில்லை" என்று வந்தது. அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. ஆனால் அதே இடத்தை மார்கழியில் பார்த்திருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தவறு என்று தெரியும். எனக்கும் தெரிந்திருக்க வேண்டும், வேறு மாதத்தில் அனுப்புங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது. அதனால்தான் இந்தப் பதில் இவ்வளவு நீளம்.

சரி, இடத்துக்கு வருவோம். லாஸ்பேட்டை ஓடுபாதை இப்போது சுமார் 1,500 மீட்டர். ஏடிஆர் 72 போன்ற விசிறி வைத்த விமானங்களுக்கு அது போதும். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரியான ஜெட் விமானங்கள் நிறைய ஆட்களோடு வந்துபோக வேண்டுமானால் பாதை நன்றாக நீள வேண்டும். அதற்கு எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டு நிலமும் தேவைப்படும் என்பது வெகுநாளாக நடக்கும் பேச்சு. ஓடுபாதை ஏறத்தாழ கிழக்கு மேற்காக, மேற்கு முனை சற்றே தெற்கே சாய்ந்த மாதிரி கிடக்கிறது. செல்போனில் வரைபடத்தைத் திறந்து அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மேற்கே இழுத்துக்கொண்டே போங்கள். சுமார் ஏழு கிலோமீட்டரில் உங்கள் விரல் ஊசுட்டேரிப் பக்கம் போய் நிற்கும்.

ஊசுட்டேரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமார் 800 ஹெக்டேர், பாதி புதுச்சேரி, மீதி விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரிப் பகுதி 2008இல் பறவைகள் சரணாலயமானது, தமிழ்நாட்டுப் பகுதி அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. வடக்கே மரக்காணம் பக்கம் கழுவெளி ஈரநிலம் இருக்கிறது. 2021இல் சரணாலயம், 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தெற்கே கடலூர் மாவட்டத்தில் பிச்சாவரம், 2022இல் ராம்சார் ஆனது. இந்த மூன்றையும் தனித்தனிப் பெயர்களாக நாம் படிக்கிறோம். பறவைக்கு அப்படி இல்லை. ஓர் ஏரியில் தண்ணீர் வற்றினால் அடுத்த ஏரி, அங்கே மீன் குறைந்தால் கழிமுகம் என்று போய்க்கொண்டே இருக்கும். அதனால் 'விமான நிலைய எல்லைக்குள் இத்தனை இனங்கள், பத்து கிலோமீட்டர் சுற்றளவில் இத்தனை இனங்கள்' என்ற கணக்கு மட்டும் போதவே போதாது. இந்த இடங்களுக்கு நடுவே யார், எந்த நேரத்தில், எந்த உயரத்தில் போகிறார்கள் என்பதுதான் தெரிய வேண்டும். மதிப்பீட்டின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரு தை மாத மாலையைச் சொல்கிறேன். ஊசுட்டேரியின் கரையில் ஐந்தரை மணிக்கு ஸ்டாண்டைப் போட்டு தொலைநோக்கியை வைத்தேன். நடு ஏரியில் நீலச்சிறகு வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தன. நாமக்கோழிகள் மட்டும் ஓரத்தில் மேய்ந்தன. பகலில் வந்து எண்ணிப் போகிறவர் "வாத்துகள் ஏரியை விட்டு நகர்வதில்லை" என்று எழுதுவார். அன்று சூரியன் ஆறு மணிக்கு விழுந்தது. ஆறே கால் வாக்கில் ஏழெட்டு வாத்துகள் எழுந்து ஒரு வட்டம் அடித்தன. பின்னால் இன்னொரு கூட்டம், அதற்குப் பின்னால் இன்னொன்று. பத்து நிமிடத்தில் நீர்ப்பரப்பில் பாதி காலி. பிறகு கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தலைக்கு மேலே சிறகு காற்றைக் கிழிக்கும் விசில் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. இந்த வாத்துகள் பகலில் ஏரியில் ஓய்வெடுத்து, இரவில் நெல் வயல்களுக்குப் போய் மேய்கிறவை. விடிவதற்குள் திரும்பிவிடும். விமான நிலையம் மாலை, இரவு விமானங்களையும் ஏற்கப் போகிறது என்றால், மோதக்கூடிய நேரம் இதுதான். பகல் எண்ணிக்கையில் இது வரவே வராது.

இதை முறையாகச் செய்ய வழி இருக்கிறது, பெரிய செலவும் இல்லை. ஏரிக்கும் ஓடுபாதைக்கும் நடுவில் உயரமான நாலைந்து இடங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றிலும் விடியலில் மூன்று மணி நேரம், முன்பகலில் மூன்று மணி நேரம், மாலையில் இருட்டும் வரை. கடந்துபோகும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரம், இனம், எண்ணிக்கை, திசை, உயரம். உயரத்தை மீட்டரில் யூகிக்கச் சொன்னால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதனால் நான் கூட வருகிற பிள்ளைகளுக்கு மூன்றே வகை சொல்லிக்கொடுப்பேன்: பனைமரத்துக்குக் கீழே, செல்போன் கோபுரம் வரை, அதற்கு மேலே. இருட்டியபின் சிறிய ரேடார் வைக்கலாம், வசதி இல்லையென்றால் ஒலிப்பதிவுக் கருவி. மாதம் இரண்டு முறை, வருடம் முழுவதும். இரண்டு வருடம் செய்தால் இன்னும் நல்லது. ஏனென்றால் மழை பொய்த்த வருடமும் அடித்து ஊற்றிய வருடமும் இங்கே ஒரே ஏரியை இரண்டு ஏரியாக்கிவிடும்.

முன்பகல் ஏன் என்று கேட்பீர்கள். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கனமான பறவைகள். கூழைக்கடா ஐந்து கிலோ வாக்கில் இருக்கும். சிறகடித்தே வெகுதூரம் போக அவற்றுக்குக் கட்டுப்படியாகாது. ஒன்பது, பத்து மணிக்குத் தரை சூடேறி வெப்பக்காற்று எழும்பியதும் அதில் ஏறிச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே போய், அங்கிருந்து சறுக்கியபடி அடுத்த நீர்நிலைக்குப் போகும். இப்போது விமானத்தின் கணக்கைப் போடுங்கள். இறங்க வரும் விமானம் பொதுவாக மூன்று டிகிரி சரிவில் வரும். ஓடுபாதை முனையிலிருந்து ஏழு கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 370 மீட்டர் உயரத்தில் இருக்கும். கூழைக்கடா வட்டமடிக்கும் அதே அடுக்கு. பாதையின் மேற்கு முனை ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போனால், ஏரிப் பக்கத்தில் விமானம் சுமார் 50 மீட்டர் தாழ வரும். அதாவது நீட்டுவதைக் கிழக்கே செய்கிறார்களா மேற்கே செய்கிறார்களா என்பது நிலம் எடுப்பவருக்கு மட்டுமான கேள்வி கிடையாது, பறவைக்கும் அதேதான் கேள்வி. அறிக்கையில் இந்த இரண்டு மாற்றுகளையும் வைத்துக் கணக்குக் காட்டியிருக்கிறார்களா என்று தேடுங்கள். "மாற்று இடங்கள் பரிசீலிக்கப்பட்டன" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள்.

விமானத்தின் வகை மாறுவதையும் சாதாரணமாக நினைக்கக்கூடாது. ஏடிஆர் இறங்கும் வேகம் மணிக்கு 210 கிலோமீட்டர் வாக்கில், ஜெட் 260 வாக்கில். மோதும் ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடுவதால், அதே பறவை அதே எடையில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பலமாக அடிக்கும். அமெரிக்காவில் ஒரு சிறு பறவை இனத்தை வைத்துச் செய்த சோதனையில், எதிரே வரும் வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அது ஒரே தூரத்தில்தான் விலகப் பார்த்தது. வண்டி மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் போனால் விலக நேரம் போதவில்லை. பறவை வேகத்தைப் பார்த்துப் பயப்படவில்லை, தூரத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறது. "பறவைகள் பழகிக்கொள்ளும்" என்று எழுதியிருந்தால் இதை எடுத்துக் கேளுங்கள்.

2024 மே 20 இரவு, துபாயிலிருந்து வந்து மும்பையில் இறங்கவிருந்த விமானம் காட்கோபருக்கு மேலே பூநாரைக் கூட்டத்தில் மோதியது. விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது. கீழே குடியிருப்புப் பகுதியில் கிட்டத்தட்ட 40 பூநாரைகள் செத்துக் கிடந்தன. அதே வருடம் டிசம்பர் 29இல் தென்கொரியாவின் முவான் விமான நிலையத்தில் நடந்ததையும் படித்திருப்பீர்கள். ஓடுபாதை முடிவில் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதி 179 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தின் இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் வாத்தின் எச்சங்கள் இருந்தன. அந்த வாத்து நம் ஏரிக்கு வரும் நீலச்சிறகு வாத்தைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சுமார் அரைக் கிலோதான். பறவையின் பாதுகாப்பும் பயணியின் பாதுகாப்பும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இதைக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சொன்னால் "இவர்கள் வளர்ச்சிக்கு எதிரி" என்று யாரும் எளிதில் தள்ளிவிட முடியாது.

இனி வேலிக்கு உள்ளே. ஒரு விமான நிலையத்தின் புல்வெளி, சுற்றி நகரம் நெருக்கும்போது, பல உயிர்களுக்குக் கடைசி ஒதுங்குமிடம். ஆட்காட்டி, வானம்பாடி, கௌதாரி, முயல், உடும்பு, நரி. விரிவாக்கத்துக்கு எடுக்கும் நிலம் பெரும்பாலும் முந்திரித் தோப்பும் சவுக்கும் செம்மண் தரிசும்தான். அறிக்கைகளில் "தரிசு நிலம், தாவர வளம் குறைவு" என்று அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆட்காட்டிக்கு அந்தத் தரிசுதான் வீடு. கூடு என்று எதுவும் கட்டாது, சரளையை லேசாகப் பள்ளம் பறித்து நாலு முட்டை இடும். முட்டைகளும் சரளை நிறத்திலேயே இருக்கும். கால் அருகே வரும்வரை கண்ணுக்குத் தெரியாது. புல்டோசர் ஓட்டுபவருக்குச் சுத்தமாகத் தெரியாது. மாசியிலிருந்து ஆடி வரை நிலம் சமன்படுத்தாமல் இருந்தாலே இந்தப் பறவைக்குப் பாதி உதவி. அந்த மாதிரி மாதம் குறித்த நிபந்தனை ஒன்றுகூட இல்லாத அறிக்கையை நான் நம்ப மாட்டேன்.

மயிலும் உடும்பும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணையில் இருப்பவை. முதல் அட்டவணை உயிரினம் திட்டப் பகுதியில் இருந்தால், அதற்கென்று தனிப் பாதுகாப்புத் திட்டம் தயாரித்து, பணம் ஒதுக்கி, தலைமை வன உயிரினக் காப்பாளரின் ஒப்புதல் வாங்க வேண்டும். இந்தத் திட்டங்களில் நான் அடிக்கடி பார்ப்பது: விழிப்புணர்வுப் பலகை வைத்தல், மரக்கன்று நடுதல், பள்ளி மாணவர்களுக்கு ஓவியப் போட்டி. உடும்புக்கு ஓவியப் போட்டியால் என்ன பயன்? மரக்கன்று விஷயம் இன்னும் மோசம். திறந்த தரையில் வாழும் பறவைக்கு மரம் உதவாது. ஆலும் அரசும் அத்தியும் வேலிக்குப் பக்கத்தில் வளர்ந்து பழுத்தால் பழந்தின்னி வௌவாலும் மைனாவும் கூட்டமாக வரும், விமானத்துக்கே ஆபத்து. ஈடுசெய்ய வேண்டுமானால் வேறிடத்தில் அதே மாதிரி செம்மண் தரிசையும் புதரையும் எடுத்துக் காக்க வேண்டும்.

பட்டியலில் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். நம் கரையோரத்தில் இருக்கவே முடியாத இனம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். கடற்கரை ஊர் ஒன்றின் அறிக்கையில் மலை அணிலைப் பார்த்திருக்கிறேன். வேறொரு அறிக்கையிலிருந்து அப்படியே ஒட்டியது. ஒன்று அப்படி இருந்தால் மற்றதையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியதுதான்.

கடலாமை பற்றியும் யாராவது கேட்பார்கள். பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிடுகின்றன, குஞ்சுகளை வெளிச்சம் திசைதிருப்பும் என்பதும் உண்மை. ஆனால் விமான நிலையம் கடலிலிருந்து உள்ளே, மேட்டு நிலத்தில் இருக்கிறது. கடற்கரைச் சாலை விளக்குகளை விட்டுவிட்டு இதற்குப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் கவனத்தை வேறு பக்கம் இழுக்கிறார்கள் என்றே நினைப்பேன்.

வெளிச்சம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் வேறு. செம்மண் பூமியில் முதல் நல்ல மழை பெய்த சாயங்காலம் ஈசல் எப்படிக் கிளம்பும் என்று நமக்குத் தெரியும். ஓடுபாதை விளக்கு, நிறுத்துமிடத்தின் பெரிய விளக்கு எல்லாவற்றையும் அது மொய்க்கும். இருட்டும் முன் கள்ளப்பருந்தும் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் அதைத் தின்ன இறங்கும், இருட்டியபின் வௌவால். அந்த ஒரு மணி நேரம் ஓடுபாதை மேலே ஒரு சந்தையே கூடும். விளக்கின் நிறத்தையும் சாய்வையும் மாற்றுவது, மழைக்கு மறுநாள் கூடுதல் ஆட்களை நிறுத்துவது எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள். ஆனால் அவற்றை எழுத, அந்த மாலையில் அங்கே ஒருவர் நின்றிருக்க வேண்டும்.

அப்புறம் குப்பை. விமான நிலையத்தைச் சுற்றிப் பத்து கிலோமீட்டருக்குள் பறவைகளை இழுக்கும்படி குப்பை கொட்டுவதும் கால்நடை வெட்டுவதும் 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதிப்படி தடை. குரும்பாபேட்டை குப்பைக் கிடங்கு அந்த வட்டத்துக்குள்தான் வருகிறது. பருந்துகளுக்கு அது தினசரிச் சாப்பாடு. விமானங்கள் கூடும்போது பருந்தோடு மோதல் நடக்கும், உடனே "பறவைகளை விரட்டு" என்ற நெருக்கடி வரும். வெடி வெடிப்பார்கள், புல்லை வெட்டுவார்கள், கடைசியில் விரல் ஏரியின் பக்கம் நீளும். குப்பையை ஒழுங்குபடுத்தாமல் ஏரியைக் குற்றவாளியாக்குவது நடக்கக்கூடாது. அறிக்கையில் பருந்தின் எண்ணிக்கையும் குப்பைக் கிடங்கும் ஒரே அத்தியாயத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் எழுதியவர் வேலை தெரிந்தவர்.

விமானம் வேண்டாம் என்பது என் வாதம் இல்லை. அவசர மருத்துவத்துக்குச் சென்னைக்கு ஓடும் குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். ஒழுங்காக ஆய்வு செய்தால் கார்த்திகையிலிருந்து மாசி வரை அந்தி நேரத்தில் ஒரு மணி நேரம் விமானம் இறக்காமல் இருக்கலாம் என்றோ, நீட்டலைக் கிழக்குப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்றோ ஒரு வழி தெரியவரலாம். ஆய்வு சரியில்லை என்றால் அந்த வழி இருப்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் தரப்பட வேண்டும், கேட்டு வாங்குங்கள். நிலம் இரண்டு பக்கமும் எடுக்கப்படும் என்றால் புதுச்சேரியிலும் விழுப்புரம் மாவட்டத்திலும் கூட்டம் நடக்க வேண்டும், இரண்டு பக்க வனத்துறையின் கருத்தும் வர வேண்டும். எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபணை பதிவாகும், அதற்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும். உணர்ச்சியாகப் பேசுவது தப்பில்லை, ஆனால் கூடவே உங்களிடம் தேதியும் எண்ணும் இருந்தால் நிபுணர் குழுவின் மேசை வரை அது போகும்.

அந்த எண்களை நீங்களே சேர்க்கலாம். உங்கள் ஊரிலிருந்து ஏரிக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். வரும் ஐப்பசியில் தொடங்குங்கள், நாலு பேராகச் சேர்ந்து, மாதம் இரண்டு சனிக்கிழமை. ஒருவர் பைனாகுலர், ஒருவர் நோட்டு, ஒருவர் கடிகாரம், ஒருவர் கிழக்கு வானத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சூரியன் விழுந்ததும் மூட்டை கட்டிவிடாதீர்கள். இன்னும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் தலைக்கு மேலே போகும் சிறகுச் சத்தத்துக்கு ஒவ்வொரு கோடாக நோட்டில் போட்டுக்கொண்டே வாருங்கள், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்று பக்கத்தில் ஓர் அம்புக்குறியும்.